யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிங்கள வகுப்பு, போகலாமோ?

பேச்சுச் சிங்களம் எங்க படிக்கலாம் எண்டு கன பேர் கேக்கினம், அதால எழுதுறன். பேர் போடேல்ல. மேல்மாடி அறை, தகரக் கூரை, ஒரு ஃபேன்தான் அதுவும் சேரைப் பாத்துத்தான் சுத்தும், மோட்டச்சைக்கிள் விடுறதெண்டா ஒழுங்கையில சண்டை. ஆனா பின்னேர வகுப்பு, கந்தோர் முடிஞ்சு நேர போகலாம், காசும் மற்ற இடங்களை விடக் குறைவு.

சேர் பதுளைப் பக்கத்து ஆள், ரெண்டு மொழியும் தண்ணி மாதிரி. எழுத்தைக் காட்டிப் பயப்படுத்தாம முதல் நாளே கதைக்க விட்டிடுவார். மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, ஆர் போனாலும் யனவாதான், வினை கடைசியிலதான் வரும், போறன் போறாய் போறார் எண்டு மாத்தி மாத்திக் கதைக்கிற எங்களுக்கு இது சும்மா. பிரச்சினை எழுத்துச் சிங்களம். அதில வினை ஆளுக்கேத்த மாதிரி மாறும், கந்தோர்க் கடிதமெல்லாம் அந்த நடையில, அதுக்கு இங்க தாற நோட்ஸ் காணாது, ஃபோட்டோகொப்பியும் அரைவாசி தெரியாது.

வாறவையில கூட அரச உத்தியோகத்தர்தான். 2007 யூலைக்குப் பிறகு சேவைக்கு வந்தவை 5 வருசத்துக்குள்ள மற்ற அரச மொழியிலயும் தேர்ச்சி காட்டோணும் எண்டு சுற்றறிக்கை இருக்கெல்லோ. எங்கட பெரியப்பாவுக்கு இது துண்டாப் பிடிக்காது. 1956ல சிங்களம் மட்டும்தான் அரச கரும மொழி எண்டு தனிச் சிங்களச் சட்டம் கொண்டு வந்து, சிங்களச் சோதனை பாஸ் பண்ணாட்டி இன்கிரிமென்ட் இல்லையெண்டு மறிச்சவங்கள், கோடீஸ்வரன் எண்ட கிளார்க் அதுக்கு வழக்குப் போட்டு 1969ல லண்டன் பிரிவிக் கவுன்சில், அப்ப எங்கட கடைசி அப்பீல் கோடு, அதுவரைக்கும் போச்சுது, நீ இப்ப காசு குடுத்துப் படிக்கிறியோ எண்டு ஏச்சு. அவர் சொல்றதில பிழையில்ல. ஆனா அப்ப ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சோதனை, இப்பத்தைய விதி சிங்கள உத்தியோகத்தருக்கும் சேத்துத்தான், 1987ல 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி. காகிதத்தில. கொழும்பில இருந்து எங்கட கந்தோருக்கு இப்பவும் தனிச் சிங்களத்தில கடிதம் வருது, ஆர் வாசிக்கிறது எண்டு ஆளையாள் பாத்துக்கொண்டிருப்பம்.

வகுப்பில ஒரு பெடியன் கேட்டான், சேர் சிங்களம் தெரிஞ்சாத்தான் நாங்கள் இலங்கையரோ எண்டு. சேர் சிரிச்சிட்டு, அப்ப தெற்கில மாத்தறையில தமிழ் தெரியாத சிங்களவர் ஆரடாப்பா எண்டார். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சதே அதுக்குப் பிறகுதான். கொம்பிளெக்ஸும் இல்லாம கூழைக்கும்பிடும் இல்லாம ஒரு பாஷையைப் படிக்கலாம் எண்டு அங்க இருக்கேக்க தோணும், மாத்தறையில தமிழ் வகுப்பும் இப்பிடி நிரம்புதோ எண்டு கேக்கிற உரிமையும் அதோட வருது.

கதைக்கப் பழகோணும் எண்டா யோசிக்காமப் போங்கோ. சோதனைக்காரர் எழுத்துக்கு வேற ஆளையும் பிடியுங்கோ. முதல் வகுப்புக்குக் காசில்ல, இருந்து பாத்திட்டு முடிவெடுக்கலாம்.