18 வயதுக் கார், ஒரு கன்வர்ட்டர், போகாத கிலுகிலுப்பு

கோத்தகிரி நண்பர் போன வாரம் போன் செய்தார். "மெக்கானிக் கன்வர்ட்டர் அடைச்சிருச்சுங்கிறாரு. கழட்டிப் போட்டுட்டு எம்டி பைப் வெச்சுக்கலாமாம். நீங்க போன வருசம் இதே கூத்து ஆடினீங்கல்ல, என்ன பண்றது?" என்றார். கன்வர்ட்டர் என்றால் காருக்கு அடியில் புகைக்குழாயில் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் டப்பா; எம்டி பைப் என்றால் அதன் இடத்தில் மாட்டும் வெறும் குழாய். பத்து நிமிடம் கத்தினேன். பாவம், அதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

என்னுடையது 2007 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், டிஎன் 43 (நீலகிரி) வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். கீழே வரும் திட்டில் பெரும்பங்கு எனக்கே சேர வேண்டியது. வீடு கேத்தியில், வேலை ஊட்டியில். மாதம் இரண்டு முறை கோவை. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தபோதே விற்றிருக்கலாம். விற்கவில்லை.

எல்லாம் ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. மூன்றாவது கியரில், அதுவும் லேசான ஏற்றத்தில் மட்டும், டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கிலுகிலுப்பு. தகர டப்பாவில் நாலு பட்டாணியைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் நின்றுவிடும், காலை எடுத்தால் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கேட்கவே கேட்காது. எனக்கு மட்டும் லவ்டேல் வரை அதைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

ஊட்டியில் முதலில் பார்த்தவர் வண்டிக்கு அடியில் புகுந்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். "உள்ள தேன்கூடு உடஞ்சிருச்சு சார். எடுத்துரலாம், லேபர் வேண்டாம். பழச மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருங்க." இலவசம் என்றதும் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. கன்வர்ட்டருக்குள் இருக்கும் பூச்சு பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். பழைய கன்வர்ட்டருக்கென்றே தனி வியாபாரம் நடக்கிறது. எனக்கு லேபர் இலவசம் என்றால், கூலியை அவர் வேறெங்கோ வாங்கப் போகிறார் என்று அர்த்தம். அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம், தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் கன்வர்ட்டருடையதே அல்ல. மேலே இருக்கும் ஹீட் ஷீல்டு, அந்தத் தகர மூடி, போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பெரிய சைஸ் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி முறுக்கியதும் அடங்கியது. அடங்கியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நிஜ நோய். புல்லிங், அதாவது வண்டியின் இழுவை, போனது. மலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு லேட்டாகத் தெரியும் என்பதைச் சமவெளிக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஊட்டி 2,240 மீட்டர், ஏறக்குறைய 7,350 அடி உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீத சக்தியை இழக்கும். ஊருக்கு வந்து சேரும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். அதனால் வண்டி இழுக்கவில்லை என்றால் "மலைதானே, அப்படித்தான்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். நான் எட்டு மாதம் சொல்லிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதுதான் ஒருநாள் பிடிபட்டது. கல்லார் தாண்டி பர்லியாருக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. முதல் கியரில் திரும்பி இரண்டாவதுக்கு மாற்றி மிதிக்கிறேன். 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் முள் நகரவே இல்லை. ஆக்சிலரேட்டர் தரையைத் தொடுகிறது, வண்டி மூக்கைப் பொத்திய ஆள் மாதிரி முனகுகிறது. பின்னால் கேரட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் மினி லாரி ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினால் முட்டை அழுகிய வாடை, காலடி மேட் சூடு. பர்லியாரில் டீ குடித்துவிட்டு வந்து ஏறினாலும் அதே கதை. இறக்கத்தில் மட்டும் வண்டி தங்கம்.

இரண்டாவது மெக்கானிக் ஊட்டியில், புதிதாகக் கருவிகள் வாங்கி வைத்திருந்த இளைஞர். ஸ்கேனர் போட்டார்: பிழை இல்லை. என் காரில் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஓ2 சென்சார்தான் (புகையில் ஆக்சிஜனை அளப்பது), பின்னால் கிடையாது. பின் சென்சார் இருந்து ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோடு வந்தாலும், கன்வர்ட்டர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் அது சொல்லும். அடைத்திருக்கிறதா என்று சொல்லாது. இதை நண்பர் மனதில் வைக்க வேண்டும். அப்புறம் இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்யூம் கேஜை மாட்டினார். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, 12 இன்ச். "பதினெட்டு இருக்கணும் சார். பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு, இன்ஜின் இறக்கணும்" என்றார். அன்றிரவு தூக்கமில்லை.

மூன்றாமவர் மேட்டுப்பாளையத்தில், அறுபதைத் தாண்டிய பெரியவர். 12 இன்ச் கதையைக் கேட்டுச் சிரித்தார். உயரம் ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் குறையும். ஊட்டியில் 12 காட்டினால் அது ஆரோக்கியமான இன்ஜின். அவருடைய கேஜில் அங்கே 18, முள் ஆடாமல் நின்றது. பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் நன்றாக இருந்த முள், கடிகார முள்ளைப் போல மெல்ல மெல்ல இறங்கிப் பத்துக்கு வந்தது. வெளியே போக வேண்டிய புகை போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து 22-ஆம் நம்பர் ஸ்பானரில் ஓ2 சென்சாரைக் கழற்றினார். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால்தான் மரை தப்பிக்கும், முற்றிலும் ஆறினால் பிடித்துக்கொள்ளும் என்றார். அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ். ஐட்லிங்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும் 2,500-இல் மூன்றுக்குள்ளும் இருக்க வேண்டும்; என்னுடையது இரண்டு, அப்புறம் ஏழு. கேஜையும் எடுத்துவிட்டு ஓட்டையைத் திறந்தே வைத்து ரேஸ் கொடுக்கச் சொன்னார். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு முள் விர்ரென்று 5,000-க்குப் பறந்தது. எட்டு மாதமாகப் பார்க்காத எண். "மலச்சிக்கலுக்கு உங்களுக்கு ஹார்ட் ஆபரேசன் சொல்லியிருக்காங்க சார்" என்றார் பெரியவர். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கழற்றுவது ஒரு நாள் வேலை. ஃபிளாஞ்ச் நட்டுகள் துருவில் கரைந்திருந்தன. முதல் நாள் மாலையே எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் ஒரு ஸ்டட் முறிந்தது. வெளியே எடுத்து வானத்தைப் பார்த்துப் பிடித்துக் காட்டினார். நல்ல கன்வர்ட்டரில் சதுர இன்ச்சுக்கு 400 போல நுண்ணிய கண்கள், கொசுவலையை அடுக்கி வைத்ததுபோல இருக்கும், வெளிச்சம் தெரியும். என்னுடையதில் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கருகிய வெல்லப்பாகு. ஓரத்தில் மட்டும் பிறை நிலா மாதிரி ஒரு கீற்று வெளிச்சம். அந்தக் கீற்று வழியாகத்தான் வண்டி இத்தனை நாள் மூச்சு விட்டிருக்கிறது.

"மிஸ்ஸிங் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் விக்குவதைக் கேட்கிறார். இருந்தது. மூன்றாவது சிலிண்டர் பிளக் வயர், பல மாதங்களாக. குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். "காலைல எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?" இங்கேதான் மாட்டினேன். பேட்டரி வீக். எங்கள் வீடு சரிவில். டிசம்பர், ஜனவரி உறைபனியில் செல்ஃப் எடுக்காது. ஹேண்ட்பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவேன். தெருவில் பாதிப்பேர் செய்வதுதான். இன்ஜின் பிடிக்கும் வரை எரியாத பெட்ரோல் முழுக்க கன்வர்ட்டருக்குள் போய், பிறகு அங்கேயே எரியும். ஒருநாள் உருட்டினால் ஒன்றும் ஆகாது. நான் உருட்டியது மூன்று குளிர்காலம், அதோடு மிஸ்ஸிங் வேறு. உள்ளே இருக்கும் பீங்கான் உருகாமல் என்ன செய்யும்?

ஈயம் கலந்த பெட்ரோல் போட்டு கன்வர்ட்டரைக் கொன்றவர்களை 2000-க்கு முன்பு பார்த்திருப்பதாகச் சொன்னார். "அவங்களுக்கு எமன் பெட்ரோல். உங்களுக்கு நீங்களேதான்." கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது?

எம்டி பைப் ஆசை அங்கேயும் வந்தது, மறைக்கவில்லை. கம்பெனி கன்வர்ட்டர் விலையைக் கேட்டபோது காரின் மறுவிற்பனை மதிப்பில் பாதியைச் சொன்னார்கள். வேறு கம்பெனி செய்யும் வெளி கன்வர்ட்டர் அதில் மூன்றில் ஒரு பங்கு. எம்டி பைப் கிட்டத்தட்ட சும்மா. பெரியவர் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. புகை டெஸ்டில் என் கார் வகைக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் தாண்டக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மெஷின் முன்னால் நிற்க வேண்டும் என்றார். என்னை நிறுத்தியது அதுவல்ல. குளிருக்குக் கரி அடுப்பை மூட்டி ஜன்னலைச் சாத்தித் தூங்கினால் என்ன ஆகும் என்று இந்த மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதே கார்பன் மோனாக்சைடுதான். வருடத்தில் பத்து மாதம் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். என் காரின் தரைத் தகடு இருக்கும் லட்சணத்தில் புகை உள்ளே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. பின் சீட்டில் பிள்ளைகள். வெளி கன்வர்ட்டரே போடச் சொன்னேன். பிளக், வயர், பேட்டரி மூன்றும் புதிது. அவை இல்லாமல் கன்வர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த டிசம்பரில் அதுவும் பாகுதான்.

14 மாதம் ஆகிறது. லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 14 கொடுக்கிறது. குன்னூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 4,500 வரை போகிறது. மினி லாரியை நான் ஓவர்டேக் செய்கிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, காருக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், அதில் ஒன்று மேட்டுப்பாளையம் பெரியவருக்கு. ஏனென்றால் நேற்று காலை லவ்டேல் திருப்பத்தில், மூன்றாவது கியரில், அந்தக் கிலுகிலுப்பு மறுபடி கேட்டது. புது கன்வர்ட்டர், பழைய ஹீட் ஷீல்டு. கிளாம்பை முறுக்கினேன், சத்தம் இரண்டு அங்குலம் பின்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மனைவி வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை என்கிறாள்.

கோத்தகிரிக்காரரே, கழற்றச் சொல்வதற்கு முன்னால் பிளக் வயரைப் பாருங்கள். ஓ2 சென்சாரைக் கழற்றி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் இல்லை என்றால் என்னிடம் இருக்கிறது, அந்தக் கோபத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள். வரும்போது பெரிய சைஸ் ஹோஸ் கிளாம்ப் இரண்டு வாங்கி வாருங்கள், எனக்கு.