‘முழுக்கப் புதுப்பித்த 1912 வீடு’ என்று விற்றார்கள், சுவருக்குள் இன்னும் 1912தான்

சியாட்டலில் நாங்கள் வாங்கிய வீட்டைச் சரிசெய்ய 41,000 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் முப்பது லட்சத்துக்கு மேல். வீட்டுக் கடன் தனி, இது அதற்கு மேலே அழ வேண்டிய தொகை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் மரியாதையாக எழுதித் தொலைத்துவிடுவேன்.

சியாட்டலில் வீடு தேடியவர்களுக்கு ‘கிராஃப்ட்ஸ்மேன்’ வீடு தெரிந்திருக்கும். 1900களின் தொடக்கத்தில் வாலிங்ஃபோர்டு, பாலார்டு பக்கமெல்லாம் வரிசையாகக் கட்டியவை. தாழ்ந்த கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரம், கீழே அகன்று மேலே குறுகும் தூண்களோடு ஒரு திண்ணை. உள்ளே போனால் டக்ளஸ் ஃபர் மரவேலை, சாப்பாட்டு அறைச் சுவரோடு சேர்ந்த கண்ணாடி அலமாரி, கணப்பின் இரு பக்கமும் புத்தக அடுக்கு. எந்திரம் செய்து குவித்த அலங்காரம் வேண்டாம், கைவேலையின் நேர்மை தெரியட்டும் என்று கிளம்பிய பாணி. நேர்மை! எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

விற்றது, பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கிற ஒரு சின்ன கம்பெனி. ‘வரலாற்றுச் சிறப்புள்ள வீடு, பார்த்துப் பார்த்து மீட்டெடுத்தது, வயரிங், பிளம்பிங் எல்லாம் புதுசு’ என்று விளம்பரம். வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்க்கிற ஓபன் ஹவுஸ் அன்று கம்பெனிக்காரரே நின்றிருந்தார். கையில் மரத்தூள் ஒட்டிய மாதிரி ஒரு சட்டை. ஜன்னலோரத் திண்டின் மூடியைத் திறந்து காட்டினார். அலமாரியில் இருந்த பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்த கதை சொன்னார். என் மனைவி அந்த மரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அப்பா மட்டும் மயங்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விடுமுறைக்கு வந்திருந்தார். “மரமெல்லாம் இருக்கட்டும்டா. எர்த் ஒழுங்கா இழுத்திருக்கானான்னு கேளு” என்றார்.

கேட்டேன். அந்த ஆள் சிரித்தபடி பாக்கெட்டிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்து ஹாலில் இருந்த பிளக் பாயிண்டில் செருகினார். எல்லாம் சரி என்று விளக்கு எரிந்தது. அடுத்த அறையிலும் எரிந்தது. பிறகு பேஸ்மெண்டுக்குக் கூட்டிப்போய்ப் பளபளவென்று புது மின் பேனலைக் காட்டினார், அதிலிருந்து புது வயர்கள் ஒழுங்காக மேலே ஏறிப் போயின. “உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான் எனக்குப் பிடிக்கும், சரியான கேள்வி கேட்கிறார்” என்று அப்பாவுக்குக் கைகொடுத்தார். அப்பாவும் தலையாட்டினார். விலை சொல்லி ஆஃபர் போடுவதற்கு முன்னாலேயே, வீட்டைச் சோதித்துச் சொல்கிற இன்ஸ்பெக்டரை வைத்தும் பார்த்தோம். அவருடைய டெஸ்டரிலும் அதே விளக்குதான்.

குடி வந்த பிறகு படுக்கையறையில் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். சீலிங்கில் இருந்த பெட்டியைத் திறந்தவர் பேசாமல் இறங்கி, பரணுக்கு ஏணி கேட்டார். மேலே, குளிருக்காகப் புதிதாக அடித்திருந்த இன்சுலேஷன் பஞ்சுக்கு அடியில், வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் தொங்கிக்கொண்டிருந்தது துணி சுற்றிய வயர். இங்கே ‘நாப் அண்ட் டியூப்’ என்பார்கள். எர்த் கம்பியே கிடையாது. திறந்த காற்றில் சூடு ஆறிப்போகட்டும் என்று அந்தக் காலத்தில் யோசித்துப் போட்ட வயரிங். அதன் மேல் பஞ்சைக் கொட்டி அமுக்கினால் சூடு எங்கே போகும்? பேஸ்மெண்டில் நாங்கள் பார்த்த புது வயர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைதான். சுவருக்குள் நுழைந்ததும் பழசோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் டெஸ்டர் ஏன் பொய் சொன்னது? எலக்ட்ரீஷியன் ஒரு பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தது. டெஸ்டருக்கு அது எர்த் மாதிரியே தெரியுமாம். நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், பிளக்கில் மாட்டிய சாதனத்தின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீடு இது.

அப்பாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “வேணும்னே பண்ணியிருக்கான்டா. எர்த் இல்லைன்னு தெரியாதவன் அந்தத் துண்டை மாட்ட மாட்டான்” என்றார்.

இதைத்தான் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருக்கிறேன். சியாட்டல் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தின் சட்டப்படி வீடு விற்கிறவர் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும், ஃபார்ம் 17 என்று பெயர். மின்சார வயரிங்கில் குறை உண்டா என்ற கேள்விக்கு இந்த ஆள் அடித்திருக்கிற டிக்: ‘தெரியாது’. அறை அறையாகத் துண்டு வயர் மாட்டிய கம்பெனிக்குத் தெரியாதாம்!

வயரிங் முழுவதையும் மாற்றி, உடைக்கிற சுவரைப் பூசி, அந்த ஃபர் மரப் பலகைகளைக் கழற்றி மறுபடி பொருத்த 41,000 டாலர். மாற்றாவிட்டால் பாலிசி ரத்து என்று இன்ஷூரன்ஸ்காரன் கடிதமே அனுப்பிவிட்டான்.

விற்ற ஆளைக் கூப்பிட்டால், வீட்டோடு கொடுத்த ஒரு வருட வாரண்டியைப் பார்க்கச் சொன்னார். வாரண்டிக்காரர்கள், “வாங்குவதற்கு முன்பிருந்த குறை, பொறுப்பில்லை” என்றார்கள். மறுபடி இவரைக் கூப்பிட்டால், “நீங்கள்தான் இன்ஸ்பெக்டர் வைத்துப் பார்த்தீர்களே.” இன்ஸ்பெக்டரோ, சுவரைப் பிரித்துப் பார்ப்பது தன் வேலை இல்லை என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் காட்டி, வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். 41,000 எங்கே, அவர் ஃபீஸ் எங்கே. எங்கள் ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர்தான். வாங்குகிற வரை “தம்பி, இந்த மாதிரி வீடு இனி வராது, நான் இருக்கேன்ல” என்றவர், இப்போது “தம்பி, நான் எலக்ட்ரீஷியன் இல்லையேப்பா” என்கிறார். பெர்மிட் எல்லாம் இருக்கு என்று அன்றைக்குச் சொன்னீர்களே அண்ணா என்றேன். இருக்கிறதுதான், பேனல் மாற்றியதற்கு மட்டும்! மற்ற வயரிங் பற்றி நகராட்சிப் பதிவில் ஒரு வரி இல்லை. அந்தக் கம்பெனி போன் இப்போது அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

இன்னொன்று. 1930களின் பிற்பகுதியில் வரி மதிப்பீட்டுக்காக, சியாட்டல் அடங்கிய கிங் கவுண்டியில் வீடு வீடாகப் போட்டோ எடுத்திருக்கிறார்கள், பெல்வியூவில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்தில் பிரதி வாங்கலாம். வயிற்றெரிச்சலில் எங்கள் வீட்டுப் படத்தை வரவழைத்தேன். முன்திண்ணையில் இருந்தவை செங்கல் அடிப்பீடத்தோடு கனமான தூண்கள். இப்போது நிற்பவை பலகையில் செய்த வெற்றுப் பெட்டிகள், தட்டினால் டொக் டொக்கென்கிறது. எதை மீட்டெடுத்தார்களோ.

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டெஸ்டரை நம்பாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பாருங்கள், விற்கிறவர் அனுமதிக்காவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பரணில் ஏறிப் பஞ்சை விலக்கிப் பாருங்கள். பெர்மிட் இருக்கா என்று கேட்காதீர்கள், எதற்கு இருக்கு என்று கேளுங்கள். கழிவுநீர்க் குழாயில் கேமரா விடாமல் கையெழுத்துப் போடாதீர்கள், சியாட்டலில் தெருவுக்கு அடியில் இருக்கிற மெயின் குழாய் வரைக்கும் அதன் செலவு வீட்டுக்காரன் தலையில்தான். எங்களுடையதை இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவே பயமாக இருக்கிறது.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். வழக்குப் போட முடியுமா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவரை பெயரை வாயில் எடுக்கக் கூடாதாம். அவருக்கும் மணிக்கணக்கில்தான் ஃபீஸ், அது இந்த 41,000-இல் சேரவில்லை.