மொறிஸ் மைனர் 1000: சொல்லிவிட்டுப் பழுதாகும் கார்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். 1974இல் பாவித்த காராக அப்பா வாங்கினார். 1988இல் நான் அதில்தான் ஓடப் பழகினேன். 1998 முதல் அது முழுக்க என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் இன்றும் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடுகிறது. கலியாணத்துக்குச் சோடித்து வாடகைக்கு விடும் கார் அல்ல, சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற கார். பழைய மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயின்ரையும் குரோமையும்தான் பார்க்கிறார்கள். நான் கீழே படுத்தும் பொனற்றைத் திறந்தும் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்ரியறிங். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களில் ஸ்ரியறிங் பெட்டி இருக்கும். கொஞ்சம் தேய்ந்துவிட்டால் சில்லு திரும்ப முதல் வளையம் சும்மா சுற்றும். மைனரில் 1948இலேயே ரேக் அண்ட் பினியன், அதாவது பல்வெட்டிய சட்டத்தைப் பற்சில்லு நேரே தள்ளும் வகை, போட்டார்கள். கையை ஒரு விரலளவு அசைத்தால் சில்லும் அந்தளவு அசையும். ரோட்டில் மணல் கிடந்தாலும், ரயரில் காற்று இறங்கினாலும் வளையத்தைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்கு உடனே தெரியும். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு மினி காரையும் வடிவமைத்தவர். மைனரின் மாதிரிக் கார் முடிந்த பிறகு அதன் அகலம் போதாது என்று பட்டதாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இடையில் 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு பட்டை கொஞ்சம் உயர்ந்து ஓடுவது அதன் அடையாளம். காலையில் பனி துடைக்கும்போது அதன் இரண்டு ஓரமும் துணிக்குள்ளால் கையில் தட்டுப்படும். வளைவில் கார் சரியாமல் போவதற்கு அந்த நாலு அங்குலத்துக்கும் பங்கு உண்டு.

முன்பக்கம் சுருள் வில் கிடையாது. ரோர்சன் பார் என்னும் நீண்ட உருக்குத் தண்டு ஒவ்வொரு பக்கமும் முன் சில்லிலிருந்து கதிரைக்குக் கீழே வரை போகிறது. சில்லு கிடங்கில் விழுந்து எழும்போது அந்தத் தண்டு முறுகி நிமிர்கிறது. முறிவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்க ரோட்டுகள் வருடக்கணக்காக ரோட்டாகவே இல்லாமல் இருந்த காலம் உண்டு. அப்போதும் ஒரு தண்டுகூட முறியவில்லை, பின்பக்கத்துத் தகட்டு வில்தான் இரண்டு முறை முறிந்தது. ஷொக் அப்சோபர்கள் இக்காலத்துக் குழாய் வகை அல்ல, ஒயில் நிரப்பிய பெட்டியிலிருந்து நீளும் கைகள். ஒயில் குறைந்தால் கார் தொட்டில் மாதிரி ஆடும். மூடியைத் திறந்து ஒயில் விட்டால் சரி.

எஞ்சின் 948 சிசி, 37 குதிரைவலு. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேசனின் ஏ சீரிஸ் குடும்பம். 1962இல் 1098 சிசி வந்தது, அதில் பிறேக்கும் பெரியது. மலைநாட்டுக்கு அடிக்கடி போகிறவர் அதைத் தேடுவது நல்லது. யாழ்ப்பாணம் போன்ற சமதரைக்கு 948 தாராளம். மணிக்கு 60, 65 கிலோமீற்றரில் அலட்டாமல் போகும், அதற்கு மேல் விரட்ட எனக்கு மனம் வருவதில்லை. லீற்றருக்கு 12, 13 கிலோமீற்றர் கிடைக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது எனக்கு அதில் மிச்சமே இருந்தது.

இந்த எஞ்சினின் குணத்தை நான் அறிந்தது மண்ணெண்ணெய்க் காலத்தில். 1990இல் போரால் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போன பிறகு, குடாநாட்டில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அப்பா ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன் மாதிரி வைத்திருப்பார். எயார் பில்டரைக் கழற்றி, கார்பரேற்றர் வாயில் அதை ஊற்றி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறும் வரை பக்கத்திலேயே நிற்பார். சூடேறிவிட்டால் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். மைனரில் உள்ளிழுக்கும் குழாயும் புகைபோகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கின்றன. புகையின் சூடு எரிபொருளைக் காய்ச்சி ஆவியாக்கிக் கொடுக்கும். இன்னொன்று, 948இல் அமுக்க விகிதம் 8.3, 7.2 என்று இரண்டு வகை. எஞ்சின் இலக்கத்தில் 'எல்' எழுத்து இருந்தால் குறைந்தது, மண்ணெண்ணெய்க்கு அதுதான் தோது. எங்களுடையது 'எல்'. அப்படியிருந்தும் ஏற்றத்தில் உள்ளே சல்லி குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா உடனே இறங்கி, டிஸ்ரிபியூட்டரில் இருக்கும் சின்னத் திருகைத் தீப்பொறியைப் பிந்தவைக்கும் 'ஆர்' பக்கம் நாலு கிளிக் திருப்புவார். சத்தம் அடங்கும், இழுவையும் கொஞ்சம் குறையும்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒயிலில் தெரிந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் கீழே வடியும். டிப் ஸ்ரிக்கை இழுத்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும்! இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்கும், மூக்கில் மண்ணெண்ணெய் மணக்கும். மணம் வந்தால் ஒயில் மாற்ற வேண்டும், ஆனால் மாற்ற ஒயில் எங்கே? 1995 ஒக்ரோபர் முடிவில் போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்குப் போன அந்த இரவில் இந்தக் காரும் சனத்துக்குள் நின்றது. கிளச்சில் அழுத்தும் பாகம் கிறபைற் வளையம். மிதித்தபடியே ஊர்ந்தால் தேய்ந்து போகும். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கச் சொன்னார். உள்ளே அம்மம்மாவும் மூட்டைகளும். கார் முக்கால் தொன்தான். நாவற்குழிப் பாலம் வரை தள்ளிக்கொண்டே போனோம். காலையில் கைபிடியைச் செருகிச் சுற்றியபோது எஞ்சின் இரண்டாம் சுற்றில் பிடித்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு எஞ்சினை முழுக்கக் கழற்றினோம். சிலிண்டரைக் கடைந்து, ஈயமில்லாப் பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரிக் கடின வால்வு இருக்கைகளும் போட்டோம். அதன் பிறகு ஹெட்டைத் திறக்கவில்லை. வால்வின் ரப்பெற் இடைவெளியை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை 12 தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன்.

எஸ்யு என்ற கம்பனியின் கார்பரேற்றரும் பெற்றோல் ஏற்றும் மின் பம்பும் பலரைப் பயமுறுத்துகின்றன, எனக்கு அவை மிகவும் இலகுவானவை. சாவியைத் திருப்பியதும் பம்ப் டக் டக் டக் என்று அடித்து மெல்ல அடங்க வேண்டும். அடங்காமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் (மின்தொடுமுனை) ஒட்டிவிட்டது. ஸ்பானரின் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் ஓடும், வீட்டுக்கு வந்து சுத்தம் செய்யலாம். கார்பரேற்றர் பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால் 'டொக்' என்று விழ வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினால் ஊசி நடுவில் இல்லை. மேலே மூடியைக் கழற்றி ஒயில் விட மறந்தால் கால் வைத்ததும் எஞ்சின் தயங்கும்.

முதல் கியருக்கு சிங்குறோ (பற்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் அமைப்பு) இல்லை. ஓடும்போது முதலுக்கு இறக்குவதானால் கிளச்சை இரண்டு முறை மிதித்து மாற்றும் இரட்டைக் கிளச் பழக வேண்டும். இறக்கத்தில் இறங்கும்போது காலை எடுத்தால் சைலன்சரில் இருந்து பர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும், அது நோய் அல்ல, பிறவிக் குரல்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. பற்றறி மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒருமுறை ஒரு கடையில் மாற்றிப் பூட்டி, டைனமோவைத் திருப்பிப் பழக்க ஒரு பகல் போனது.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர்தான் என்னை உண்மையில் கோபப்படுத்திய பாகம். அதைச் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பார்க்கவே கம்பளத்தை உயர்த்தி மூடித்தகட்டைக் கழற்ற வேண்டும். சிலிண்டரை வெளியே எடுக்கப் போனால் அதன் போல்ட்டுக்கு முன்னால் ரோர்சன் பார் குறுக்கே நிற்கும். அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகும். ஆனால் அதுவும் சொல்லாமல் போவதில்லை. பெடல் பஞ்சு மாதிரி ஆகி, நாள்தோறும் கொஞ்சம் கீழே போகும்.

சொல்லாமல் போவது ஒன்றே ஒன்று. முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் புரி வெட்டி, ட்ரனியன் என்ற துண்டுக்குள் அது திருகப்பட்டிருக்கிறது. ஸ்ரியறிங் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரிதான் சுழல்கிறது. கிறீஸ் காய்ந்தால் புரி மெதுவாகத் தேய்ந்து கொண்டேயிருக்கும், கைக்கும் காதுக்கும் ஒன்றும் தெரியாது. 2011இல் வீட்டு ஒழுங்கைக்குள் முழு வளையம் திருப்பி நுழைந்தேன். நடை வேகம்தான். வலது பக்கம் 'மடார்' என்று இறங்கியது. இறங்கிப் பார்த்தால் சில்லு மட்காட்டுக்குள் படுத்துக் கிடக்கிறது. பின் கதிரையில் பிள்ளைகள். பத்து நிமிடத்துக்கு முதல்தான் கண்டி வீதியில் பஸ்ஸை முந்தியிருந்தேன்.

கொக்குவிலில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் வயதான மெக்கானிக் வந்து, புரி வழித்த தண்டைத் துணியால் துடைத்துக் கையில் தந்தார். புரி இருந்த இடம் பளபளவென்று கண்ணாடி மாதிரி.

"தம்பி, இந்தக் கார் மற்றதெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போகும். இது மட்டும் சொல்லாது. நீங்கள்தான் கேக்கோணும்."

"மேலால கிறீஸ் அடிச்சனான் அண்ணை."

"சில்லுத் தரையில நிக்க அடிச்சா எப்பிடிப் போகும்? பாரம் முழுக்க அந்தப் புரியிலதானே."

அன்றிலிருந்து ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஜாக் போட்டு, சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்கிறேன். முதலில் கறுப்பாக வரும், சிலவேளை மழைத் தண்ணியும் சேர்ந்து வரும். தேன் நிறத்தில் புதுக் கிறீஸ் எட்டிப்பார்க்கும் வரை விடுவதில்லை.

வாங்கப் போகிறவர் இதைச் செய்துவிட்டு விலை பேசட்டும்: முன்பக்கத்தைத் தூக்கி, கீழ்க் கைக்கு முட்டுக் கொடுத்து, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இன்னொருவரை பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிறேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பெயரிங், மலிவு. நிற்காவிட்டால் அது புரி. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் புரி எதிரெதிர்த் திசை என்பதால், புதிய துண்டு வாங்கும்போது எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டு முடிக்கும் வரை காரை வீட்டுக்கு ஓடிக்கொண்டு வராதீர்கள், லொறியில் ஏற்றுங்கள்.