"டிஸ்க் பல்ஜ்" என்று பயமுறுத்திப் பேக்கேஜ் விற்கிறார்கள், உஷார்

என் அக்காவுக்கு வயது 48. மாதக்கணக்காக இடுப்பு வலி என்று சென்னையில் ஒரு முதுகுத்தண்டு கிளினிக்குக்குப் போனார். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்ததும், "எல்4-எல்5ல டிஸ்க் பல்ஜ். ஸ்பைன் ஸ்டெபிலிட்டியே போயிடுச்சு. இப்படியே விட்டா கால் விளங்காது" என்றார்கள். (முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டுதான் டிஸ்க்; அது கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்தால் பல்ஜ். எல்4, எல்5 என்பவை இடுப்பின் 4, 5ஆவது முள்ளெலும்புகள்.) கையோடு ஒரு பேக்கேஜ்: டிகம்ப்ரஷன் மெஷின், லேசர், இடுப்பு பெல்ட், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். இன்றே கட்டினால் பத்தாயிரம் குறைப்பார்களாம். வைத்தியத்துக்கும் ஆடித் தள்ளுபடி!

காசு கட்டிய பிறகு டாக்டரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. உதவியாளர் ஒருவர் மெஷினில் படுக்கவைத்து, பட்டையை இறுக்கி, டைமரைத் திருகிவிட்டுப் போய்விடுவார். வலி அப்படியே இருந்தது. பாதியில் நிறுத்திப் பணம் கேட்டால், ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

அப்புறம் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். "நின்னுக்கிட்டு, முன்னால குனிஞ்சு, பின்னால வளைஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்களா?" என்று கேட்டார். எடுக்கவே இல்லை. முள்ளெலும்பு இடம்விட்டு நழுவுகிறதா, அதாவது ஸ்டெபிலிட்டி போயிருக்கிறதா என்று வழக்கமாக அதில்தான் பார்ப்பார்களாம். எடுத்தோம், எதுவும் நழுவவில்லை. பல்ஜ் விஷயமும் அப்படித்தான். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பாதிப் பேருக்கு மேல் அது தெரியும் என்கிறது 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு.

அந்த டிகம்ப்ரஷன் மெஷின் என்னவென்றால், பழைய டிராக்‌ஷன்தான் (இடுப்பை இழுத்துவிடும் வைத்தியம்), மோட்டார் வைத்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு டிராக்‌ஷனும் பெல்ட்டும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இலேயே சொல்லிவிட்டது. அது பரிந்துரைப்பதில் முக்கியமானது உடற்பயிற்சி. அக்காவுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததும் நடை, பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது), பேர்ட் டாக் (கை, முட்டி ஊன்றி நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது), அவ்வளவுதான். பாய் விரிக்க இடம் போதும். இப்போது வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. எலும்பு நிஜமாகவே நழுவி நரம்பை அழுத்தினால் ஸ்க்ரூ வைத்து இணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அது வேறு கதை.

ஒன்று மட்டும்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ பயிற்சி செய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்களைப் போல மாட்டியவர்கள் ரசீதையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் போட்டிருக்கிறோம்.