டெக்சாஸ் எல்லைப்புற வரலாறு: பட்டாளத்துத் தாள்களா, கவுண்டி ஏடுகளா?

டெக்சாஸில் கிரிஃபின் கோட்டை என்று ஒன்று இருந்தது. 1867-இல் வந்தது, 1881-இல் மூடப்பட்டது. கோமாஞ்சி, கயோவா பழங்குடி மக்களோடு நடந்த சண்டைகளில் பட்டாளத்துக்கு அது ஒரு தளம். கான்சஸ் மாநிலத்து ரயில் நகரமான டாட்ஜ் சிட்டிக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற மேற்குத் தடமும் அதன் பக்கமாகத்தான் போனது. அந்தக் கோட்டையும் சுற்றியிருந்த மாட்டுப் பண்ணைகளும் ஒன்றை நம்பி ஒன்று எப்படிப் பிழைத்தன என்பதுதான் என் கேள்வி.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ராணுவத் தாள்கள். இன்னொன்று உள்ளூர் வழி: ஆல்பனி ஊரிலுள்ள ஷேக்கல்ஃபோர்டு கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பதிவேடுகள், வரிப் பட்டியல்கள், அப்புறம் பெரிய பண்ணைக் கம்பெனிகளின் கணக்குகள். நான் ராணுவத் தாள்களைப் பிடித்துக்கொண்டேன். மாட்டைத் தேடுகிறவனுக்குப் பட்டாளத்துக் காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

செலவு, கையெழுத்து, தூசி பற்றியெல்லாம் நீட்ட வேண்டாம். கையெழுத்து இரண்டு பக்கமும் ஒரே பாடுதான்.

கவுண்டி ஏடுகளில் எனக்குப் பிடித்தது வரிப் பட்டியல். டெக்சாஸ் கவுண்டிகளின் 1837 முதல் 1910 வரையிலான பட்டியல்கள், வம்சாவளி தேடுவோருக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரிடம் எத்தனை ஏக்கர், எத்தனை குதிரை, எத்தனை மாடு என்று வருடா வருடம் வரும். ஒரு பண்ணை வளர்வதையும் தேய்வதையும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். மாடு யாருடையது என்று காட்ட அதன் தோலில் சுட்டுப் போடும் அடையாளத்தைப் பதியும் சூட்டுக்குறிப் பதிவேடு இன்னும் அழகு. குறியையே வரைந்து வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே காதில் வெட்டும் அடையாளமும் இருக்கும். ஆனால் 1848 சட்டப்படி பதியாத குறி உரிமைக்குச் சாட்சியாகாது என்றிருந்தும் ஏராளமானோர் பதியவே இல்லை. போதாக்குறைக்கு இந்தக் கவுண்டி நிர்வாகம் அமைந்ததே 1874-இல்தான். கோட்டையின் முதல் ஏழு ஆண்டுகளுக்குக் கவுண்டிக்கென்று சொந்த ஏடு கிடையாது. எனக்கு வேண்டியதோ அந்த ஏழு ஆண்டுகள்தான்.

ராணுவப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது மாதாந்தர அறிக்கை. ஒவ்வொரு கோட்டையும் மாதம் ஒரு முறை, அச்சடித்த ஒரே படிவத்தில் அனுப்பியாக வேண்டும். எந்தப் படைப்பிரிவு, எத்தனை பேர் வேலையில், எத்தனை பேர் நோயில், எத்தனை பேர் காவலில் என்று வரிசையாக இருக்கும். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். 1800 முதல் 1916 வரையிலான இந்த அறிக்கைகள் 1,550 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருந்தன. இப்போது காப்பகத்தின் இணையப் பட்டியலிலேயே படமாகப் பார்க்கலாம். ஒரு மாதம் விட்டுப்போனால் விட்டுப்போனது என்று தெரியும். சூட்டுக்குறி ஏட்டில் ஒருவர் பெயர் இல்லையென்றால் அவர் மாடே வைத்திருக்கவில்லையா, பதியச் சோம்பலா என்று யார் சொல்வது?

ஆனால் நான் ராணுவப் பக்கம் சாய்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் உண்டு. அங்கே ஒரு தாள் அடுத்த தாளுக்கு வழி காட்டும். ஒரு பண்ணைக்காரர் குதிரைகள் களவு போனதாகக் கோட்டைத் தளபதிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்ததும் அதற்கு எண் போட்டு, யார் எழுதினார், எதைப் பற்றி என்று பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவிடுவார்கள். தளபதி ரோந்து அனுப்பினால் அந்த உத்தரவு வேறோர் ஏட்டில் ஏறும். பதில் கடிதத்தின் நகல் இன்னொன்றில். ரோந்து எத்தனை மைல் போய்வந்தது என்பது அந்த மாத அறிக்கையில் தலைகாட்டும். விஷயம் பெரிதானால் சான் அன்டோனியோ தலைமையகத்துக்குப் போகும், அங்கும் எண் போடுவார்கள், கடிதத்தின் முதுகில் ஒவ்வொரு மேலதிகாரியும் குறிப்பு எழுதுவார். ஆக, மூலக் கடிதமே தொலைந்திருந்தாலும் அதன் சாரம் பதிவேட்டில் மிஞ்சும். நம் தாலுகா அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ருசி தெரியும். கவுண்டி ஏடுகளில் பத்திரம் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம், குறி ஒரு பக்கம். பெயரைத் தவிர ஒன்றையொன்று கட்டும் கயிறு இல்லை.

இந்தக் கயிறு கோட்டை மூடிய பிறகும் அறுவதில்லை. 1891 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம், பழங்குடியினரால் சொத்து இழந்தவர்கள் நஷ்டஈட்டு வழக்குப் போட அரசின் மேல் பணம் கேட்டு வழக்காடும் வாஷிங்டன் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தின் கதவைத் திறந்தது. 10,000-க்கும் மேல் வழக்குகள் வந்து விழுந்தன. எத்தனை மாடு, தலைக்கு என்ன விலை, பக்கத்துப் பண்ணைக்காரரின் சாட்சி என்று ஒவ்வொரு கட்டும் ஒரு பண்ணைக் கதை. சம்பவ நேரத்தில் அந்தப் பழங்குடி அமெரிக்காவோடு சமாதானத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மாடு போனதா இல்லையா என்பதோடு, அன்று நடந்தது போரா என்றும் வக்கீல்கள் மல்லுக்கட்டினார்கள். பண்ணை வரலாறும் படை வரலாறும் ஒரே கட்டில் கிடைப்பதற்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

மாட்டு எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நஷ்டஈட்டு மனுவில் மந்தை பெருக்கும், வரிப் பட்டியலில் சிறுக்கும். இரண்டுமே மனிதர் எழுதியதுதானே! இங்கேதான் கவுண்டி ஏடு கை கொடுக்கிறது: ஒரே ஆளின் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் எங்கோ நிஜம் இருக்கும்.

ராணுவத் தாள்களின் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பெயரைத் தட்டினால் வந்து நிற்காது. தேசியக் காப்பகத்தின் தொகுப்பு எண் 393-இல் உள்ள கோட்டைக் கடிதங்களில் பெரும்பகுதி இணையத்தில் ஏறவில்லை, நேரில் போக வேண்டும் அல்லது நகல் கேட்க வேண்டும். எந்தக் கோட்டை, எந்த மாதம் என்று தெரியாமல் போனால் பெட்டி பெட்டியாகப் புரட்ட வேண்டியதுதான். மாதாந்தர அறிக்கைகளை வீட்டிலேயே படித்துத் தேதிகளைக் குறித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. உங்கள் கேள்வி ஒரே குடும்பத்தைப் பற்றியது, அதுவும் 1880-க்குப் பிந்தையது என்றால் இந்தச் சிரமமே வேண்டாம், நேராக ஆல்பனிக்குப் போங்கள்.

லப்பக்கில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மேட்டடார் போன்ற பெரிய பண்ணைக் கம்பெனிகளின் தாள்களில் எனக்குப் பழக்கம் குறைவு, மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. மேட்டடாரின் உரிமையாளர்களான ஸ்காட்லாந்தின் டண்டீ நகர முதலாளிகளுக்கு அனுப்பிய கடிதங்கள் இருப்பதால் வியாபாரப் பக்கம் அங்கே வலுவாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலப் பண்ணைகளில் புத்தகக் கணக்கு என்ற பழக்கம் இருந்தது. வாங்கியதோடு உத்தேசக் கன்றுகளைக் கூட்டி, விற்றதைக் கழித்து மந்தையை மதிப்பிடுவார்கள், மேய்ச்சலில் போய் எண்ணுவதில்லை. எந்தக் கம்பெனியின் ஏட்டைத் திறந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியிலும் பேனா வெள்ளையர் கையில்தான் இருந்தது என்பது எனக்கு உறுத்துகிறது. பழங்குடியினர் விவகாரங்களைக் கவனித்த அரசு அலுவலகமான கயோவா முகமையின் தாள்கள் ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அவையும் அரசு அலுவலர்கள் எழுதியவைதான், ஆனாலும் கோமாஞ்சி, கயோவா ஆட்களின் பெயர்களும் புகார்களும் கொஞ்சமாவது அங்கே பதிவாகியிருக்கின்றன. நான் அடுத்துப் போகப்போவது அங்கேதான்.