மாருதி 800-ஆ, பத்மினியா?

சென்னையில் கடலோரக் காசிமேடு பக்கம் வீட்டு வாசலிலேயே ஒரு பழைய காரைத் தேற்ற ஆசையா? என் ஓட்டு மாருதி 800-க்குத்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர். பழைய மாடலின் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) நாமே கழற்றிக் கழுவலாம். பாகங்களுக்குச் சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. பிரீமியர் பத்மினி, அதாவது அந்தக் கால ஃபியட் கார், அழகுதான், ஸ்டியரிங்கை ஒட்டிய கியரைப் போடுவதே தனி சுகம். ஆனால் ஒரு கதவு ரப்பருக்கே நாயாய் அலைய வேண்டும்.

எதுவானாலும் முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். கடல் காற்றின் துரு இரண்டையும் விடாது. நான் வாங்கிய 800-இன் தரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். அப்பளமாய் உடைந்து கீழே ரோடு தெரிந்தது. தகடு வெட்டி ஒட்டும் டிங்கரிங் செலவு கார் விலையைத் தாண்டிவிட்டது.

அப்புறம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. 15 வருடம் தாண்டினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பேப்பர் இல்லாமல் மலிவாக வரும் பத்மினி பக்கம் நான் போவதில்லை.