தெஹிவளைப் பழைய சாமான் கடை: பண்டிகைக்கு முதல் ஒருக்கா போங்கோ

இடிச்ச வீடுகளின்ர தேக்கு மரவேலைதான் இந்தக் கடையின்ர பொக்கிஷம். கதவுக்கு மேல காத்துக்கு வைக்கிற பூவேலைப் பலகை ஒண்டு 6,500 ரூபாவுக்கு எடுத்தன். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, கீழ்விளிம்பில கொக்கிகள் பூட்டினன். தீபாவளிக்குச் செவ்வந்தி மாலை, மார்கழியில மின்குமிழ்ச் சரம், பொங்கலுக்கு நெற்கதிர். வீட்டு முன்கூடமே மாறிப்போச்சு, அவ்வளவு வடிவு!

வாங்க முதல் பலகையைத் தட்டிப் பாருங்கோ. துளையால மாவு கொட்டினா உளுத்தது, விட்டிடுங்கோ. பித்தளைச் சாமான் பார்க்கிறதெண்டா காந்தம் கொண்டு போங்கோ. ஒட்டினா உள்ளுக்கு இரும்பு, மேல முலாம்தான். நல்ல பித்தளையெண்டா புளியும் உப்பும் போட்டு மினுக்கலாம், ஆனா பள்ளங்களில இருக்கிற பழைய கறுப்பை எடுக்காதேங்கோ. பூவேலை எடுப்பாத் தெரியிறதே அதாலதான். முதலாளி பொறுமையான மனுசன், விலையும் கொஞ்சம் குறைப்பார்.